பிரான்சுவாவுக்கு வந்த வசனம்

ஃபாதர் ரிச்சர்ட் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகியதும் பிரான்சுவா இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

சாகக் கிடப்பவர்களின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசுகிற எண்ணெய் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபச் சிலுவையையும் தீர்த்தக் குவளையையும் விடியற்காலையிலேயே எடுத்து வைத்திருந்தாள் சகாயசெல்வி. மகள் ஜோவிதா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றாள்.

"கைய விரிங்க பெரியவரே. ஒரு நிமிஷம்தான்."

"வேணாம் ஃபாதர்."

"என்னாங்க நீங்க, சாமியாரு வூடு தேடி வந்திருக்காரு" என்று சகாயசெல்வி அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். ஒடம்பில் சதையே இல்லாத மனுஷன். வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கியிருந்தது. கண்ணும் நகமும் மஞ்சள். ஆனால் முப்பது வருஷம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ்பாரை உடைத்த கை அது. பிரியவில்லை.

"வுடு செல்வி. எனக்கு எழுதியிருக்கிறது வேற. ஃபாதருக்கு வீண் வேல."

"யாரு எழுதுனது?" என்றார் ஃபாதர். வயசு முப்பதுகூட இருக்காது. இந்தப் பங்குக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகிறது.

பிரான்சுவா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பும்போது ஒரு கணம் அவர் பார்வை ஜோவிதாமேல் பட்டது. கோபப் பார்வை இல்லை. உனக்குத்தான் தெரியுமே என்பது போல ஒரு பார்வை.

உருகிய மெழுகு அவள் கட்டைவிரலில் வழிந்தது. அவள் கையை மாற்றவில்லை.

ஃபாதர் குப்பியை மூடினார். "கட்டாயப்படுத்தி பூசக் கூடாது. மனசு மாறுச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க, எந்நேரமானாலும் வரேன்" என்று சகாயசெல்வியிடம் சொல்லிவிட்டு செருப்பை மாட்டினார். வாசல் வரைக்கும் ஜோவிதா கூடவே போனாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். "ஞாயித்துக்கிழம பூசையில முதல் வாசகம் நீங்கதான படிக்கிறீங்க டீச்சர்?" என்று அவர் கேட்டார். "ஆமா ஃபாதர்" என்றாள்.

முதலியார்பேட்டையில் ஃபாதரின் பங்குக் கோவிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஜோவிதாவின் குரல் தெரியும். மைக் இல்லாவிட்டாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். ளகர ழகரம் சுத்தமாக விழும். அந்த வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் படியேறியவள். எம்.காம். முடித்து லாஸ்பேட்டையில் ஒரு தனியார் காலேஜ் ஆபீஸில் வேலை, ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி டீச்சர். அம்மாவுக்கும் படிப்பில்லை, அப்பாவுக்கும் படிப்பில்லை. பிரான்சுவா என்று பெயர்தான் பிரெஞ்சு. பாட்டன் காலத்தில் எவரோ வைத்த பெயர் வழிவழியாக வந்ததே தவிர, பின்னால் பிரெஞ்சுக்காரன் பென்ஷனும் வரவில்லை, பாரிசும் வரவில்லை. துறைமுகத்தில் எல்லாருக்கும் அவர் பிராஞ்சு. கையெழுத்து மட்டும் போடுவார். அதுவும் ஆறாவது படிக்கும்போது ஜோவிதா சொல்லிக்கொடுத்தது.

புத்தாண்டுப் பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் கூடைகளில் வசனச் சீட்டுகள் வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். யாருக்கு எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க சாமி அவருக்குச் சொல்கிற வார்த்தை. படித்தவர்கள் அதை பைபிளுக்குள் செருகி வைத்து மறந்துபோவார்கள். படிக்காதவர்கள்தான் நம்புவார்கள்.

இந்த வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி காலைப் பூசைக்கு பிரான்சுவா துறைமுகத்திலிருந்து நேராக வந்தார். முதல் நாள் குடித்தது இறங்கவில்லை. நன்மை அப்பம் வாங்குகிற வரிசையில் நின்றவர் தடுமாறி முன்னால் இருந்த பெண்ணின்மேல் சாய்ந்தார். அந்தம்மா கத்தினாள். நன்மை கொடுத்துக்கொண்டிருந்த பழைய சாமியார் பாத்திரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மருமகளை அடித்துத் துரத்திய மனுஷனெல்லாம் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு போன வரிசைதான் அது. ஆனால் அன்றைக்கு ஜோவிதாவுக்கு அந்த அநியாயத்தின்மேல் கோபம் வரவில்லை. வாசக மேடையில் புதுச் சேலையில் நின்றிருந்தாள். கோவில் மொத்தமும் அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி அவளைப் பார்த்தது. அவர்மேல்தான் கோபம் வந்தது.

பூசை முடிந்து வண்டி நிறுத்துகிற இடத்தில் அவர் காத்துக்கொண்டிருந்தார். சீட்டைக் கண்ணில் ஒற்றி அவளிடம் நீட்டினார்.

"பாப்பா, எனக்கு என்னா வந்திருக்கு, படி."

அவள் படித்தாள். பயப்படாதே, நீ என்னுடையவன் என்கிற மாதிரி இரண்டு வரி. இந்த நாற்றத்துக்கா இது என்று தோன்றியது. தன்னுடைய கணீர்க் குரலில், எழுத்துப் பிசகாமல், சீட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்தது. குடிவெறியருக்கு விண்ணரசில் பங்கில்லை.

"அப்டியா போட்டிருக்கு?"

"ஆமா."

"எனக்குன்னேவா?"

"நீதான எடுத்த?"

அவர் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கோவிலுக்குள் நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவார். வெளியே மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் பூசை முடிகிற வரைக்கும் கைகட்டி நின்றுவிட்டுப் போவார். தவக்காலம் நாற்பது நாளும் குடிக்கவில்லை. "சாமி வார்த்தைக்குப் பயந்துட்டாருடி" என்று சகாயசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வசனம் வேலை செய்கிறது என்று ஜோவிதாவும் நினைத்தாள். பெருமையாகக்கூட இருந்தது. ஈஸ்டருக்கு அப்புறம் மறுபடி குடித்தார், முன்னைவிட அதிகமாக. ஆடி மாதம் வயிறு வீங்கியது. போன வாரம் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

*

பதினோரு மணிக்கு பாவா வந்தார். துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறவர். பிரான்சுவாவோடு இருபது வருஷப் பழக்கம். தோளில் தெர்மோகோல் பெட்டி.

"பிராஞ்சு, எழுந்திரு. உன் மொதலாளி ஐஸு வந்திருக்கான்" என்று பெட்டியைத் திறந்து ஐஸ்துண்டு ஒன்றை எடுத்தார்.

"ஐயோ அண்ணே, மீன் ஐஸ எடுத்தாந்து வாயில வைக்கிறீங்களே!" என்று சகாயசெல்வி பதறினாள்.

"கடையில வாங்குனது தங்கச்சி. நல்ல தண்ணி ஐஸு. எனக்குத் தெரியாதா?"

பிரான்சுவா வாயில் வாங்கி ஒதுக்கிக்கொண்டார். "ருசியே இல்லடா. மீன் வாசன இல்லாம அது என்னா ஐஸு?"

"சாவப்போற நேரத்துலயும் கொழுப்பு அடங்குதா பாரு" என்றார் பாவா. சட்டென்று எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

ஜோவிதா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். பாவா கிளாசை வாங்கினார், குடிக்கவில்லை.

"எண்ணெ பூசிக்க மாட்டேன்னுட்டானாமே. உங்கம்மா சொல்லிச்சி."

"ம்."

"எல்லாம் அந்தச் சீட்டாலதான். தப்பா நெனச்சிக்காத பாப்பா, உங்க சாமி விஷயம், நான் பேசக் கூடாது. ஆனா நீ எதையோ மாத்திப் படிச்சிட்டன்னு நெனைக்கிறேன்."

"உங்களுக்கு எப்டித் தெரியும் மாமா?"

"அத லேமினேஷன் போட்டு வச்சிருக்கான். ஐஸ் தண்ணி பட்டு எழுத்து அழிஞ்சிடக் கூடாதாம். ஒரு நாளு வண்டியில ஒக்காந்து நான் படிச்சேன். நானு எட்டாவது ஃபெயிலு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நல்லதுதான்யா போட்டிருக்கு, பயப்படாதன்னு போட்டிருக்குன்னேன். அடிக்க வந்துட்டான். 'எம் பொண்ணு எம்.காமு. கோவில்ல படிக்கிறவ. அவளுக்குத் தெரியாதது எட்டாவது ஃபெயிலு உனக்குத் தெரியுமா? நான் மனசு ஒடஞ்சி இருக்கேன்னு நீ மாத்திச் சொல்ற'ன்னான். நாலு நாளு எங்கிட்ட பேசல." பாவா டீயை ஒரு வாய் குடித்தார். "அப்பறம் எனக்கே சந்தேகம் வந்திருச்சி. படிச்ச புள்ள சொல்லியிருக்குது, நாமதான் தப்பாக் கூட்டிட்டமோன்னு."

அவர் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகமாகத்தான் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் உள்ளே போனாள்.

ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் அது இருந்தது. ஓரம் வெட்டாத லேமினேஷன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள்.

"ப்பா. இத மறுபடி படிக்கிறேன், கேளு." படித்தாள். குரல் கணீரென்று வரவில்லை.

பிரான்சுவா கண்ணைத் திறக்காமல் சிரித்தார். "பாவா சொல்லிக் குடுத்தானா?"

"இல்லப்பா. இதான் எழுதியிருக்கு."

"சாவப்போறவன்னு மாத்திப் படிக்கிற. நல்ல மனசு உனக்கு. வேணாம் பாப்பா. சாமி வார்த்தைய மாத்தக் கூடாது."

அடுப்படி வாசலில் கஞ்சி டம்ளரோடு அம்மா நிற்பது அவளுக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து பாவாவும் எட்டிப் பார்த்தார். அவர்கள் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது.

"மாத்துனது அன்னிக்குப்பா. அன்னிக்குதான் மாத்தினேன்."

அவர் கண்ணைத் திறந்தார்.

"கோவில்ல எல்லாரும் உன்னப் பாத்துட்டு என்னப் பாத்தாங்க. எனக்கு அசிங்கமா இருந்துச்சி. உனக்குப் போயி இந்த வசனம் வந்திருக்கேன்னு எரிச்சல். அதான் பொய் சொன்னேன். குடிகாரனப் பத்தி இதுல ஒரு எழுத்துகூட இல்ல. நானா சொன்னது. சாமி சொல்லல, நான் சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"அப்ப பாவா சரியாத்தான் படிச்சானா?"

"ஆமாப்பா."

"அடப்பாவமே. அவன அடிக்கப் போயிட்டனே."

வாசலில் பாவா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிரான்சுவா மூச்சுக்குத் திணறினார். திணறல் அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

"சாமியாரு போயிட்டாரா?"

சகாயசெல்வி கஞ்சி டம்ளரைத் தரையில் வைத்தாள். மகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "போயி அவர இட்டுக்கினு வா."

*

ஃபாதர் போனை எடுக்கவில்லை. தேங்காய்த்திட்டில் புது போட் மந்திரிக்கப் போயிருப்பதாகக் கோவிலில் சொன்னார்கள். ஜோவிதா ஸ்கூட்டரைத் திருப்பினாள். சின்ன வயசில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன இடம். பிளஸ் டூவுக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. சுடிதாரில் மீன் வாசனை ஏறிவிடும் என்று சொல்லிவிட்டாள்.

ஏலம் முடிந்து தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் அரைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் சம்மட்டியோடு நின்ற ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா வேணும்?"

"ஃபாதர். போட் மந்திரிக்க வந்தாரே."

"கடைசி போட் ஜெட்டியில. நீ பிராஞ்சு பொண்ணுதான? மூஞ்சி அப்டியே இருக்கு. நான் ராஜவேலு. கோவில்ல படிக்கிறவ நீதான? உங்கப்பன் எங்க உசுர வாங்கிடுவான். எம் பொண்ணு படிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும், வெளிய நின்னாலும் ஒரு எழுத்து வுடாம கேக்கும்னு." அவர் சம்மட்டியைக் கீழே வைத்தார். "எப்டி இருக்கான்?"

அவள் ஜெட்டிப் பக்கம் ஓடினாள். வெளிய நின்னாலும். கெபிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றது மாதாவுக்காக என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மாலை போட்ட போட்டின்மேல் நின்று தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்த ஃபாதர் அவள் முகத்தைப் பார்த்ததுமே இறங்கினார். அவரைக் கூட்டிவந்த கார் பின்னால் வந்து நின்ற லாரியால் அடைபட்டிருந்தது. "பரவால்ல, வண்டிய எடுங்க" என்று அங்கியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வழியில், முகத்தைத் திருப்பாமல், காற்றுக்கு எதிராகக் கத்தி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கூடை, சீட்டு, வண்டி நிறுத்துகிற இடம், கெபி. பஸ் ஹாரனில் பாதி அடிபட்டது. மறுபடி சொன்னாள். ஃபாதர் குறுக்கே பேசவில்லை. அழுகையில் வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கியபோது மட்டும், "ரோட்டப் பாத்து ஓட்டுங்க, டீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்குக் கேட்டுடுச்சு. சாமிக்கும் கேட்டிருக்கும். இப்ப ஓட்டுங்க" என்றார்.

வீட்டு வாசலில் பாவா நின்றுகொண்டிருந்தார். தொழுகைக்குக் கட்டுவது போலத் தலையில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இப்பத்தான். அஞ்சி நிமிஷம்" என்றார் பாவா. "நீ போனதுமே, கையத் தொடச்சி வுடு செல்வின்னான். ஈரத் துணியால தொடச்சி வுட்டுது. சாமியாரு வரட்டும்னு ரெண்டு கையையும் இப்டி வச்சிக்கினு படுத்திருந்தான்." தன் இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்துக் காட்டினார். "மூடவே இல்ல."

கட்டிலில் அப்படியேதான் இருந்தன. தண்ணியிலும் உப்பிலும் வெடித்து வெடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கைகள். கால்மாட்டில் சகாயசெல்வி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லேட்டாயிடுச்சி ஃபாதர்" என்றாள். "செத்தவங்களுக்குப் பூச மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். சும்மா ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போங்க."

ஃபாதர் ரிச்சர்ட் குனிந்து பிரான்சுவாவின் கழுத்தில் விரலை வைத்தார். நெஞ்சில் காதை வைத்தார். நிமிர்ந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"ஒடம்பு சூடா இருக்கும்மா. உயிரு போயிடுச்சா இல்லையான்னு எனக்குச் சரியாத் தெரியல. சந்தேகமா இருந்தா பூசலாம்."

அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாய் திறந்திருந்தது. கண்ணை சகாயசெல்வி ஏற்கெனவே மூடிவிட்டிருந்தாள். ஃபாதர் குப்பியைத் திருகினார். நெற்றியில் பூசினார். வலது உள்ளங்கையில் பூசினார். இடது உள்ளங்கையில் பூசினார். வெடிப்புகளில் எண்ணெய் இறங்கியது. ஜோவிதா மெழுகுவத்தியை எடுத்தாள், ஆனால் பற்றவைக்கக் கை வரவில்லை. பாவா தீக்குச்சியைக் கிழித்து நீட்டினார்.

*

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். தெருவில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். கோவிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. தெரு அன்பியக் குழுத் தலைவி வந்து ஜோவிதாவின் கையைப் பிடித்தாள். "பூசையில வாசகம் நீதாம்மா படிக்கணும். அப்பாவுக்கு நீ செய்யற கடைசிக் கடம. உன் கொரலு வந்தாத்தான் கோவிலு நெறையும்."

"வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க அக்கா."

"துக்கத்துல அப்டித்தான் இருக்கும்..."

"துக்கம் இல்ல அக்கா. வேற யாரையாவது சொல்லுங்க."

சவப்பெட்டியை மூடுகிற நேரம். பிரான்சுவாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். சகாயசெல்வி அந்த லேமினேஷன் சீட்டை அவர் சட்டைப்பையில் வைக்கப் போனவள், நிறுத்தினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து மகளிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. காலையில் டீ மட்டும் ஆற்றி, பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"மூடறதுக்கு முன்னால இத ஒரு தரம் படிக்கணும்" என்றாள்.

கூட்டம் ஜோவிதாவைப் பார்த்தது. வழக்கம்போல அவளைத்தான் பார்த்தது. அவள் ஓரடி முன்னால் வந்தாள். சகாயசெல்வி சீட்டை நீட்டினாள். ஜோவிதா அதை வாங்கினாள், அதன்மேல் கண்ணைப் போடாமலேயே பந்தல் காலோரம் நின்றிருந்த பாவாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீங்க படிங்க மாமா."

"நானா? நான் எப்டி பாப்பா? இத்தினி பேரு முன்னால..."

"நீங்கதான் சரியாப் படிச்சீங்க."

பாவா சகாயசெல்வியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். பாவா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். சீட்டை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். வெயில் பட்டு லேமினேஷன் பளபளத்தது. பெட்டியின் நிழலுக்குள் குனிந்து, முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"அஞ்... சா... தே."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். அடுத்த சொல்லில் விரல் நின்றுவிட்டது. பாவா உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக ஜோவிதாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவா மறுபடி கூட்டினார். வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்குப் போனார். இரண்டே வரி. முடிக்க வெகுநேரம் ஆனது. துக்க மணி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

"இன்னொரு தரம் படிங்க அண்ணே" என்றாள் சகாயசெல்வி.

பாவா விரலை மறுபடி முதல் எழுத்துக்குக் கொண்டுபோனார்.